மிளகு வாசமடித்த கறுப்புக் கோட்டு

போன வாரம் மலையிலிருந்து பஸ்ஸில் இறங்கி வந்துகொண்டிருந்தேன். கொண்டை ஊசி வளைவெல்லாம் முடிந்து, காதடைப்பு விட்டு, அடிவாரத்துக் காரவள்ளி வந்ததும் சோதனைச் சாவடியில் பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள். மீசை இன்னும் சரியாக அரும்பாத ஒரு காவலர் ஏறி, ஒவ்வொரு சீட்டாகப் பையைத் திறக்கச் சொல்லிக்கொண்டே வந்தார். என் மடியில் இருந்தது தம்பி தோட்டத்து மிளகு. துணிப்பையில் போட்டு, வாயைச் சுருக்கிக் கட்டியிருந்தேன். கட்டினால் மட்டும் அடங்குமா அது? மேலே செம்மேட்டில் ஏறியதிலிருந்து பஸ் முழுக்க அதன் வாசம்தான். என் முறை வந்தது. "பையைத் தொறங்கம்மா" என்றார். "எந்த உத்தரவுல சாமி கேக்கறீங்க?" என்றேன்.

நம்புங்கள், நான் சண்டைக்கு நிற்கவில்லை. தும்மல் மாதிரி அந்தக் கேள்வி தானாக வந்துவிட்டது. காவலர் என்னை ஏதோ புரியாத பாஷை பேசியவளைப் போலப் பார்த்தார். பின் சீட்டில் ஒருவர், "காட்டிட்டுப் போங்களேம்மா, நேரமாவுது" என்றார். முன்னாலிருந்த பெண், தன் பையில் ஒளிக்க ஒன்றுமில்லை என்பதை எல்லோருக்கும் தெரிகிற மாதிரி சத்தமாகச் சொன்னாள். கண்டக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். அத்தனை பேரும் மலைக்காரர்கள். பாதிப் பேர் எங்கள் ஊர் சேர்ந்த குண்டனி நாட்டுக்காரர்கள் வேறு.

அப்புறம் நான் என்ன செய்தேன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். என் வாய்க்கு இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்பதை முதலில் சொல்லியாக வேண்டும். அதற்கு ஒரு கறுப்புக் கோட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

கோட்டின் சொந்தக்காரர் வக்கீலய்யா. நீங்கள் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். அவருக்குச் சிலை கிடையாது, அவர் பெயரில் ஒரு சந்துகூடக் கிடையாது. மலைக்குக் கீழே சமவெளியில் பிறந்த கீழ்நாட்டுக்காரர். மதராசில் போய்ச் சட்டம் படித்துவிட்டு வந்து, நல்ல பெயரோடு தொழில் செய்துகொண்டிருந்தவர். நாடு கொந்தளித்துக்கொண்டிருந்த நாட்களில் ஒருநாள், பாதி வாதத்தில் நிறுத்திவிட்டு, இந்தக் கோர்ட்டை இனி நான் கோர்ட்டாக மதிக்கவில்லை என்று நீதிபதியின் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு வெளியே நடந்துவிட்டாராம். நீதிபதி அதிர்ந்தாரோ இல்லையோ, கூண்டில் நின்ற கட்சிக்காரர்தான் பதறிப்போனார். என் கேஸ் என்னாவது என்று அழுதுகொண்டே பின்னால் ஓடி வந்தவரை, வக்கீலய்யா தோளில் கைபோட்டு, தெருவில் போய்க்கொண்டிருந்த விடுதலைப் போராட்ட ஊர்வலத்தில் சேர்த்துக்கொண்டார் என்று சொல்வார்கள். அந்தக் கட்சிக்காரரும் பிற்பாடு ஜெயிலுக்குப் போனார். ஆனால் வேறு காரணத்துக்காக.

அன்றைக்கு அந்நியத் துணியையெல்லாம் குவித்துக் கொளுத்தினார்கள். வக்கீலய்யா வேட்டி முதல் கைக்குட்டை வரை நெருப்பில் போட்டார். கோட்டை மட்டும் போடவில்லை. ஏன் என்று தோழர்கள் மடக்கியபோது, இது இந்த ஊர்த் தறியில் நெய்து இந்த ஊர்த் தையல்காரர் தைத்தது, கோர்ட்டுக்குப் போகாத கோட்டு கம்பளிக்குச் சமம், கம்பளியைக் கொளுத்தச் சொல்லி யாரும் தீர்மானம் போடவில்லை என்று வாதாடி ஜெயித்தாராம். தொழிலை விட்ட பிறகு அவர் ஜெயித்த முதல் வழக்கு அதுதான் என்று என் அப்பா கேலி செய்வார். இரண்டு தடவை ஜெயிலுக்குப் போய் வந்தார். மூன்றாவது தடவை பிடிக்க வந்தபோது கையில் சிக்காமல், முள்ளுக்குறிச்சிப் பக்கத்து ஒற்றையடிப் பாதையில் ஏறி எங்கள் ஊருக்கு வந்துவிட்டார். அப்போதும் அந்தக் கோட்டுதான் மேலே. எங்கள் மலைக் குளிருக்கு அது பத்தாது என்பது வந்த பிறகுதான் தெரிந்திருக்கிறது.

ஏன் எங்கள் வீட்டுக்கு வந்தார் என்றால், என் அப்புச்சி மேல் முன்னொரு காலத்தில் மரம் வெட்டியதாக ஒரு வழக்கு. அம்மாவைப் பெற்ற அப்புச்சிக்கு அந்த மரம் எந்தப் பக்கம் இருக்கிறது என்றுகூடத் தெரியாது. வாதாடி மீட்டுக் கொடுத்தவர் வக்கீலய்யா. அந்தக் குடும்பத்தில் பெண் எடுத்தவர் என் அப்பா, சடையன். வந்தவரை ஊரே சேர்ந்து மலைக்காரராக மாற்றியது. சட்டையைக் கழற்றிக் கோவணம் கட்டி, கையில் களைக்கொத்தைக் கொடுத்துச் சாமைக் காட்டில் இறக்கிவிட்டார்கள். ஆள் பார்க்க எங்கள் ஆள் மாதிரியே ஆகிவிட்டார். வேலைதான் வரவில்லை. களையை விட்டுவிட்டுச் சாமையைப் பிடுங்குவாராம். அப்போது புதுப்பெண்ணாக இருந்த என் அம்மா, பொறுத்துப் பார்த்துவிட்டு, நீங்கள் வரப்பில் உட்கார்ந்திருந்தால் எங்களுக்கு ஒரு மாசத்துச் சோறு மிஞ்சும் என்று சொல்லிவிட்டாளாம்.

கோட்டை எங்கே ஒளிப்பது என்று ஒரு யோசனை. கறுப்புக் கோட்டு எங்கள் மலையில் வேறு யாரிடமும் இல்லை. கண்ணில் பட்டால் அவ்வளவுதான். அம்மா அதை மடித்து மிளகுக் கூடைக்குள் வைத்து, மேலே மிளகைக் கொட்டிவிட்டாள்.

பிறகுதான் போலீஸ் வந்தது. பட்டப்பகல். ஊரே களையெடுத்துக்கொண்டிருந்த நேரம். யார் என்ன சொன்னார்களோ, நேராக அப்பாவைப் பிடித்துக்கொண்டார்கள். வக்கீல் எங்கே என்று கேட்டார்கள். அப்பா தெரியாது என்றார். கயிற்றால் கட்டி, வரப்பில் போட்டு அடித்தார்கள். அப்பா வாயைத் திறக்கவில்லை. தேடி வந்த ஆள் பத்தடி தள்ளிக் குனிந்து களை கொத்திக்கொண்டிருக்கிறார். அவர் முதுகையும் மற்றவர்கள் முதுகையும் போலீஸுக்குப் பிரிக்கத் தெரியவில்லை. இன்னும் நாலு அடி அடித்துவிட்டுப் போயிருப்பார்கள், அவ்வளவுதான்.

வக்கீலய்யா நிமிர்ந்தார். கோவணத்தோடு, களைக்கொத்தைக் கையில் பிடித்தபடி நடந்து போய், அந்தப் போலீஸ் அதிகாரியின் முன்னால் நின்றார். "வாரண்டு எங்கே? வாரண்டு இல்லாம இந்த மனுசன் மேல கை வைக்க உனக்கு என்ன அதிகாரம்?" இதை முதலில் இங்கிலீஷில் கேட்டுவிட்டு, எங்களுக்காகத் தமிழிலும் கேட்டாராம். கோவணம் கட்டிய ஆள் இங்கிலீஷில் சட்டம் பேசினால் அதிகாரிக்கு வேறென்ன அடையாளம் வேண்டும்? அப்பாவைக் கட்டிய அதே கயிற்றை அவிழ்த்து வக்கீலய்யாவைக் கட்டிக் கூட்டிக்கொண்டு போனார்கள்.

இந்தக் கதையை ஊரில் எல்லோரும் பெருமையாகச் சொல்வார்கள். அப்பா மட்டும் கோபமாகத்தான் சொல்வார். "நான் பல்லைக் கடிச்சிக்கிட்டு வாயை மூடிக் கெடந்தேன். இந்த மனுசன் தானா வந்து தொறந்துட்டாரு. அத்தன அடியும் வீணாப் போச்சு" என்பார். எனக்கு விவரம் தெரிந்த நாள் முதல் இந்த அலுப்பைக் கேட்டிருக்கிறேன். விடுதலை வந்த பிறகு வக்கீலய்யா முதன்முதலில் ஊருக்கு ஏறி வந்தபோதும் அப்பா வாங்க என்றுகூடச் சொல்லாமல் இதைத்தான் கேட்டாராம். வக்கீலய்யா, அது தொழில் புத்தி, கோர்ட்டை விட்டேனே தவிர அது என்னை விடவில்லை என்றாராம். இருவரும் சிரித்திருக்கிறார்கள். ஆனால் அப்பாவின் மனக்குறை தீரவில்லை.

கோட்டைத் திருப்பிக் கொடுத்தபோது வக்கீலய்யா வாங்கவில்லை. இனி எனக்கெதற்கு, குளிருக்கு நீங்களே போட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார். அப்படித்தான் அது எங்கள் வீட்டுக் கோட்டு ஆனது. அப்பா காட்டுப்பன்றிக் காவலுக்கு அதைப் போட்டுக்கொண்டு போவார். பகலில் கிளி விரட்டப் போகிற நாங்கள் போட்டுக்கொள்வோம். நான் போட்டால் முழங்காலுக்குக் கீழே தொங்கும். கைகள் எங்கே முடிகின்றன என்று தேட வேண்டும். ஒரு பக்கம் முள் கிழித்து, அம்மா வெள்ளை நூலால் தைத்திருந்தாள். வேலை முடிந்ததும் திரும்ப மிளகுக் கூடைக்குள் போய்விடும். பூச்சி அரிக்காது பாருங்கள். அதைப் போட்டுக்கொண்டு ஓடினால் மூக்கு அரிக்கும். இன்றைக்கும் மிளகை நுகர்ந்தால் எனக்கு ரசமோ கஷாயமோ நினைவுக்கு வருவதில்லை, அந்தக் கோட்டின் உள்பக்கத்து இருட்டுதான் நினைவுக்கு வருகிறது.

ஊருக்கு அவர் விட்டுப் போன இன்னொரு சொத்து அந்தக் கேள்வி. வாரண்டு என்றால் என்ன காகிதம், எதற்குக் கேட்பது என்றெல்லாம் எங்களுக்குத் தெரியாது. யார் எதைக் கேட்டாலும் வாரண்டு கேட்போம். பெண் கேட்டு வந்தவர்களிடம் வாரண்டு இருக்கிறதா என்று கேட்டுவிட்டுத்தான் பாய் விரிப்பார்கள். ஏர் இரவல் கேட்டால் வாரண்டு. நான் அம்மாவிடம் இன்னொரு கரண்டி களி கேட்டால்கூட, "வாரண்டு எங்க கண்ணு?" என்பாள். வெளியூர்க்காரர்கள் எங்கள் ஊரை வாரண்டு ஊர் என்று கிண்டல் செய்வார்கள். நாங்கள் அதைப் பட்டமாகவே எடுத்துக்கொண்டோம்.

வக்கீலய்யா எம்.எல்.ஏ. ஆனார். தொந்தி போட்டார். அப்போது ஆண்ட கட்சியில் அவருக்கு நல்ல மரியாதை. நாங்கள் ஓட்டுப் போட்டோம், சந்தோஷப்பட்டோம், மறந்துவிட்டோம். அப்புறம் ஒரு தை மாதம், ஊர்ச் சரிவில் எங்கள் சாமைக் காட்டுக்குள் யாரோ ஆட்கள் வந்து கல் நட்டுவிட்டுப் போனார்கள். எங்களுடையது மட்டுமில்லை, அந்தச் சரிவை நம்பிப் பிழைத்த எல்லாக் குடும்பத்துக் காட்டிலும். காப்பி எஸ்டேட் போட ஒரு கம்பெனிக்குக் கொடுக்கப் போகிறார்களாம். அந்தச் சரிவு போனால் எங்களுக்குச் சோறு போயிற்று. பிள்ளைகள் நாங்கள்கூட விளையாடாமல் திரிந்தோம்.

எங்களைச் சமாதானப்படுத்த ஓர் அதிகாரியைக் கூட்டிக்கொண்டு வந்தவர் யார் என்று நினைக்கிறீர்கள்? வக்கீலய்யாதான்.

மந்தையில் ஊர்க்கூட்டம். எங்கள் ஊர் எல்லைக்குள் யாரும் செருப்புப் போடுவதில்லை. வக்கீலய்யா அதை மறக்காமல் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டுதான் வந்தார். அந்தப் பழக்கம் மட்டும் பழையபடி இருந்தது. பேச்சு மாறிப்போயிருந்தது. நாடு முன்னேற வேண்டும், நாட்டுக்காகக் கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டும், மாற்று இடம் பார்த்துத் தருவார்கள், நம் சர்க்கார்தானே என்றெல்லாம் பேசினார். மேடையில் பேசிப் பேசி வழவழப்பாகிவிட்ட குரல். ஆண்கள் தலையைக் குனிந்துகொண்டிருந்தார்கள். நாங்களே ஒளித்து வைத்துச் சோறு போட்ட ஆளை எப்படி எதிர்த்துப் பேசுவது? அப்பாவும் தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அன்றும் அவர் வாயைத் திறக்கவில்லை.

பெண்கள் மந்தையில் பேசக் கூடாது, உட்காரவும் கூடாது. கல் சுவருக்கு அந்தப் பக்கம் நின்று கேட்கலாம். அம்மா அங்கே முறத்தோடு நின்றுகொண்டிருந்தாள். நான் அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வக்கீலய்யா பேசி முடித்து, எல்லோரும் சம்மதம்தானே என்று கேட்டார். சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து அம்மா கேட்டாள்.

"ஏனுங்க வக்கீலுங்க, வாரண்டு எங்கீங்க?"

யாரும் சிரிக்கவில்லை. எங்கள் ஊரில் அந்தக் கேள்வியைக் கேட்டு யாரும் சிரிக்காமல் இருந்தது அன்று ஒருநாள்தான். பெண் பேசிவிட்டாளே என்று அதட்டவும் யாருக்கும் தோன்றவில்லை. வக்கீலய்யா சுவரைப் பார்த்தார். அம்மாவின் தலை மட்டும் தெரிந்திருக்கும். பிறகு அதிகாரியின் பக்கம் திரும்பி, உத்தரவு நகல் கொண்டு வந்திருக்கிறீர்களா என்று கேட்டார். அதிகாரி நெளிந்தார். எழுத்தில் ஒன்றும் இல்லை, மேலிடத்தில் வாய்மொழியாகச் சொன்னார்கள், ஜனங்கள் ஒத்துக்கொண்டு கைநாட்டு வைத்துவிட்டால் மற்றதெல்லாம் தானாக நடந்துவிடும் என்றார். நீங்கள் பார்த்திருக்க வேண்டும் வக்கீலய்யாவின் முகத்தை. கன்னச் சதை ஆடியது. வெட்கமா, கோபமா என்று அப்போது எனக்குத் தெரியவில்லை. இரண்டும்தான் என்று இப்போது நினைக்கிறேன்.

"சடையா, என்ற கோட்டு இன்னும் இருக்குதா?" என்று அப்பாவைக் கேட்டார்.

பன்றிக் காவலுக்குப் போட்டுப் போட்டுக் கிழிந்து கிடக்கிறது, ஆனாலும் இருக்கிறது என்றார் அப்பா. நான்தான் ஓடிப் போய் மிளகுக் கூடையிலிருந்து எடுத்து வந்தேன். கதர்ச் சட்டைக்கு மேல் மாட்டினார். தொந்தி முட்டியது, ஒரு பொத்தான்கூடச் சேரவில்லை. கைமடிப்பிலிருந்து மிளகு உதிர்ந்தது. அம்மா போட்ட வெள்ளை நூல் தையல் விலாவில் பளிச்சென்று தெரிந்தது. அந்தக் கோலத்தில் அதிகாரியைப் பார்த்துச் சொன்னார்: "இனிமே நான் எம்.எல்.ஏ. இல்லை, இவங்க வக்கீல். பேசறதை கோர்ட்டுல பேசிக்கலாம். கீழே போங்க."

வெள்ளைக்காரன் கோர்ட்டுக்குப் போக மாட்டேன் என்று கம்பளியாக்கிக்கொண்ட கோட்டை, தன் சொந்தக் கட்சியின் சர்க்காரை எதிர்த்துப் போட்டுக்கொண்டு போனார். புதுக் கோட்டு தைத்துக்கொள்ளவில்லை. அதையேதான் போட்டார். வழக்கு நடந்தபோது அப்பாவும் ஊர்க்காரர்களும் இறங்கிப் போய்ப் பார்த்துவிட்டு வருவார்கள். அவர் கையை வீசி வாதாடும்போதெல்லாம் மிளகுத் தூள் பறந்து நீதிபதி தும்முவாராம். இது தன் தரப்பைக் கலைக்கிற தந்திரம் என்று எதிர் வக்கீல் ஆட்சேபம் செய்தார் என்பது அப்பா சொன்னது. அப்பா கொஞ்சம் கூட்டிச் சொல்லக்கூடியவர்தான். ஆனால் தும்மல் உண்மை, போன எல்லோரும் சொன்னார்கள்.

வழக்கை விடச் சொல்லிக் கட்சியில் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார்கள். மந்திரி பதவி வரை ஆசை காட்டினார்களாம். மாட்டேன் என்றுவிட்டார். அடுத்த தேர்தலில் சீட்டுக் கொடுக்கவில்லை. தனியாக நின்று தோற்றார். எங்கள் மலை மட்டும் சிந்தாமல் சிதறாமல் அவருக்கு ஓட்டுப் போட்டது. ஆனால் வழக்கில் ஜெயித்தார், சரிவு எங்களிடமே நின்றது. நட்ட கற்களை நாங்களே பிடுங்கினோம். ஒன்றைக் கொண்டு வந்து அம்மா துணி துவைக்கப் போட்டுக்கொண்டாள். கம்பெனியின் எழுத்து செதுக்கியிருந்த பக்கத்தில்தான் அடித்துத் துவைப்பாள், எழுத்து தேயும் வரைக்கும் துவைத்தாள். அப்பா அதற்குப் பிறகு அந்தப் பழைய அடியைப் பற்றி அலுத்துக்கொள்ளவே இல்லை.

தீர்ப்பு வந்த பிறகு வக்கீலய்யா ஏறி வந்து, தன் கையாலேயே கோட்டை மடித்துக் கூடைக்குள் வைத்தார். "இங்கயே இருக்கட்டும். மறுபடியும் தேவைப்படும்" என்றார். அவர் போய்ச் சேர்ந்தபோது கட்சிக்காரர்கள் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. எங்கள் ஊரிலிருந்து போனவர்கள்தான் பாடையைத் தூக்கினார்கள்.

எனக்குக் கல்யாணமாகிச் சேந்தமங்கலம் வந்துவிட்டேன். ரேஷன் கடையில் வேலை கிடைத்தது. ஓய்வு பெறும் வரை அரிசியும் சர்க்கரையும் நிறுத்துப் போட்டேன். எடை சரியா என்று ஒரு ஆளாவது என்னைக் கேட்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன் என்றால் சிரிப்பீர்கள். நான் ஓய்வு பெற்ற பிறகு கைநாட்டு மெஷின் வந்தது, இன்னும் மோசம். எதற்கு வைக்கிறோம் என்று கேட்காமலே வரிசையில் விரலை நீட்டிக்கொண்டு போகிறார்கள்.

விடுதலை பெற்று இத்தனை வருடம் என்று விழாக் கொண்டாடிய ஒரு சமயம், கண்காட்சி வைப்பதற்காகச் சர்க்கார் ஆட்கள் சிலர் ஜீப்பில் எங்கள் ஊருக்கு வந்தார்கள். நானும் அன்று அங்கே இருந்தேன். அப்பா அப்போது உயிரோடு இல்லை. அம்மாவுக்குக் கண் மங்கிவிட்டது. கோட்டைக் கேட்டார்கள். அம்மா வாரண்டு கேட்டாள். அவர்களிடம் இருந்தது. முத்திரை குத்தி, கையெழுத்துப் போட்டு, எல்லாம் ஒழுங்காக இருந்தது. என்னைப் படிக்கச் சொல்லி முழுசாகக் கேட்டாள். காகிதம் சரியாக இருந்தால் தடுக்கக் கூடாது என்று எடுத்துக் கொடுத்துவிட்டாள்.

கண்காட்சியைப் பார்க்கப் போனேன். கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது. வெளுத்து, இஸ்திரி போட்டு, வெள்ளை நூலைப் பிரித்துவிட்டுக் கறுப்பு நூலால் நேர்த்தியாகத் தைத்திருந்தார்கள். பக்கத்தில் அந்துருண்டை. கீழே ஒரு அட்டை: 'விடுதலைக்காகத் தொழிலைத் துறந்த தியாகியின் கோட்டு. அதன் பின் அவர் இதை அணியவே இல்லை.' எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அங்கே பொறுப்பாக இருந்தவரைக் கூப்பிட்டு, போட்டார், எங்களுக்காகப் போட்டார், உங்கள் சர்க்காரை எதிர்த்துத்தான் போட்டார் என்றேன். எழுதிக் கொடுங்கள், மேலே அனுப்புகிறோம் என்றார். எழுதிக் கொடுத்தேன். கண்காட்சி முடிந்தது. அட்டையும் மாறவில்லை, கோட்டும் திரும்பி வரவில்லை. எங்கே இருக்கிறது என்று போய்ப் போய்க் கேட்டேன், அப்படியொரு கோட்டு வந்ததே யாருக்கும் தெரியவில்லை.

சாவடிக்கு வருகிறேன். கண்டக்டர் அவசரப்படுத்தினார். பஸ் போகட்டும், நான் நிற்கிறேன் என்று பையோடு இறங்கிவிட்டேன். பஸ் போய்விட்டது. ஜன்னலோரத்தில் இருந்த எங்கள் ஊர்க்காரர்கள் எனக்காக வெட்கப்படுகிற மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். காவலர் உள்ளே போய்த் தன் மேலதிகாரியான பெரியவரைக் கூட்டி வந்தார். பெரியவர் தேடி, நாள்காட்டிக்குப் பின்னால் ஆணியில் மாட்டியிருந்த உத்தரவை எடுத்து ஒட்டடை தட்டிக் கொடுத்தார். கண்ணாடி போட்டு, கீழே கையெழுத்து வரைக்கும் படித்தேன். சரியாக இருந்தது. அம்மாவின் மகள்தானே நானும், பையை அவிழ்த்துக் காட்டினேன். காவலர் கையை விட்டுக் கிளறிவிட்டுத் தும்மினார். அடுக்கடுக்காகத் தும்மினார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது என்பதை மறைப்பானேன்?

"இதுவரைக்கும் யாருமே கேட்டதில்லீங்கம்மா" என்றார் மூக்கைத் துடைத்துக்கொண்டே. அவர் குறையாகச் சொல்லவில்லை. இருந்ததைத்தான் சொன்னார்.

அடுத்த பஸ் வளைவு திரும்பி வந்து நின்றது. காவலர் இன்னும் படியில் காலை வைக்கவில்லை. எட்டிப் பார்த்தேன். யாரும் எதுவும் கேட்பதற்கு முன்னாலேயே, பஸ் முழுக்க எல்லோரும் பையைத் திறந்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

நான் என் பையின் வாயை இழுத்து, இரண்டு முடிச்சாகப் போட்டுக்கொண்டு ஏறினேன்.